மூடக்கூடாத கறுப்பு ஜன்னல்

கண்ணை மூடினால் அந்த மதியம் இப்போதும் தெரிகிறது. பேட்டர்ன் ரூம் வாசலுக்கு எதிரே, மெயின் போர்டுக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட ஒரு டின்மேல் கபீர் பாய் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி. அவருடைய அத்தர் வாசனை தோல் வாசனையையும் மீறி என் மேஜை வரைக்கும் வருகிறது. ஆம்பூரே ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறது. அவர் மட்டும் போகவில்லை.

காரணம் நான்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் அடுத்தவர்கள் அடித்த கூத்தையெல்லாம் ருசியாக எழுதிக்கொண்டிருந்தேன். 'நீங்கள் மட்டும் தப்பே செய்யாத ஆளா?' என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். சுருக்கென்றது. இரண்டு நாள் அவரை மனசுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குள் ஒரு வீடு

தொண்ணூறுகளின் நடுவில் எங்கேயோ இருக்கிறது அந்த வருஷம். ஆம்பூருக்கு வெளியே, ஹைவே ஓரத்தில், ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. தினமும் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ். ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் தூங்கிவிடுவேன். பாலாற்று மணல் வெயிலில் மினுங்குவதைப் பாதியைக் கனவிலும் மீதியை முழித்துக்கொண்டும் பார்ப்பேன். ஆம்பூர் வந்துவிட்டதை மூக்கு சொல்லும். ஊறிய தோலின் வாசனை முதலில், அதன் பின்னாலேயே பிரியாணி வாசனை. இரண்டையும் பிரித்து மோந்து பார்க்கப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

ஷூவின் ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, சின்ன சைஸ் பெரிய சைஸ் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதற்காகக் கப்பலில் ஒரு ஒர்க்ஸ்டேஷன் வந்து இறங்கியது. யூனிக்ஸில் ஓடுகிற மெஷின். கோயில் உண்டியல் மாதிரி கனம். திரை மட்டும் இரண்டு ஆள் தூக்கும் அளவு. அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டேன். அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், எங்களிடம் பழைய டாஸ் புரோகிராம் ஒன்று இருந்தது. பாதத்தின் அளவை வைத்துச் செருப்பு வரைகிற புரோகிராம். யூனிக்ஸுக்கு அதன் பாஷை புரியாது. பழைய கம்ப்யூட்டரோ இரும்புக்குப் போகிற நிலையில் இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஒர்க்ஸ்டேஷனின் மூடியைக் கழற்றி, உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒரு கார்டைச் செருகினார். அவ்வளவுதான். அந்தக் கார்டே ஒரு முழு டாஸ் கம்ப்யூட்டராம்.

மூடியைப் போட்டுவிட்டு ஏதோ டைப் அடித்தார். சாம்பல் நிறத் திரையின் நடுவில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. மெமரியை ஒன்று இரண்டு என்று எண்ணியது. பீப் என்றது. பிறகு பழைய கம்ப்யூட்டரில் பார்த்த அதே சி டிரைவ், அதே மினுக்கும் கோடு.

எனக்கு அது ரொம்ப நாள் ஆச்சரியம் தீராத விஷயம். அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள் இருக்கிற டாஸுக்குத் தான் இன்னொருவர் வீட்டில் குடியிருப்பது தெரியாது. தனக்கென்று ஒரு டிஸ்க் இருக்கிறது, அதில் தன் சாமான்கள் இருக்கின்றன என்று நம்பிக்கொண்டு வேலை பார்க்கும். உண்மையில் அந்த டிஸ்க் முழுவதும் யூனிக்ஸின் டிஸ்கில் ஒரே ஒரு ஃபைல். வெளியே இருந்து பார்த்தால் வாயில் நுழையாத பெயரோடு பெரிய மூட்டையாகக் கிடக்கும். இன்ஜினியர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் தலையை ஆட்டினேன். டீ ஆறிப்போகிறதே என்ற கவலையில் ஆட்டிய தலை அது.

உணர்வில்லாத பாதங்கள்

அந்தப் புரோகிராமில் கம்பெனியின் பழைய மாடல்கள் கொஞ்சம் இருந்தன. அதைவிட முக்கியமாக, எண்பத்தாறு பேருடைய பாதங்கள் இருந்தன.

வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொழுநோய் வந்து குணமானவர்களுக்குச் செருப்பு கொடுப்பார்கள். நோய் போனாலும் பாதத்தில் உணர்வு திரும்பாது. ஆணி ஏறினாலும் தெரியாது, சுடுமணலில் நின்றாலும் தெரியாது. புண்ணாகி, அழுகி, விரல் போகும். கடைச் செருப்பு அவர்களுக்கு உதவாது. ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்து, மெத்தென்ற ரப்பர் வைத்து, எங்கேயும் அழுத்தாமல் தைக்க வேண்டும். எங்கள் முதலாளி குடும்பம் வருஷா வருஷம் அதை இலவசமாகச் செய்து கொடுத்தது. பாதம் வரைந்த காகிதங்களை ஆஸ்பத்திரியில் இருந்த ரெஜினா சிஸ்டர் அனுப்புவார். நான் அந்தக் கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போடுவேன்.

அந்த வருஷ மழையில் ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி, காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. அப்போது நான் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன், "இருக்கட்டும், எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு."

வெள்ளிக்கிழமை ஒதுக்கல்

எங்கள் கட்டிங் ஹாலில் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் மேஜைகளைச் சுத்தம் செய்துவிடுவார்கள். கழிவை அளவு பார்த்துப் பிரிப்பார்கள். பெரிய துண்டு முதலில் போகும். முத்திரை இல்லாத தோல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், நேராக ரிஜெக்ஷன்தான். முத்திரை இருந்தால்தான் அது யாருடைய சரக்கு, எந்த லாட் என்று தெரியும்.

இந்த நல்ல பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து நானும் வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தேன். அன்றைக்கு டிஸ்க் நிறைந்து, புது டிசைன் சேவ் ஆகாமல் முரண்டு பிடித்தது. மணி பதினொன்று இருக்கும். ஃபைல்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய மூட்டை. எங்கள் மாடல் நம்பர் இல்லை, சரக்கு வாங்குகிற பையர் பெயர் இல்லை. முத்திரையில்லாத தோல்.

அழித்துவிட்டேன்.

எவ்வளவு இடம் காலியாயிற்று என்று பார்த்தேன். ஒரு துளிகூட ஆகவில்லை. மறுபடி பார்த்தேன். ஃபைல் இல்லை, ஆனால் இடம் நிறைந்தே இருந்தது. மெஷினுக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டே மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டேன். இன்ஜினியர் டீ குடிக்கப் போயிருந்தார். அரை மணி கழித்து மறுபடி போட்டேன். ஃபைலின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மேடம்," என்றார் மெதுவாக. "டாஸ் ஜன்னல் திறந்திருக்கா?"

திரையைப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு ஜன்னல் இருந்தது. காலையில் திறந்தது. கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"திறந்திருக்கு சார்."

"அதை மூடாதீங்க. நீங்க அழிச்சது ஃபைல் இல்ல, உங்க டாஸோட சி டிரைவ். மொத்தமும்."

எண்பத்தாறு பாதங்களும் அதற்குள்தான் இருந்தன.

"பயப்படாதீங்க. யூனிக்ஸ்ல ஒரு ஃபைலை யாராவது திறந்து வெச்சிருந்தா, பேரை அழிச்சாலும் உள்ளே இருக்கறது போகாது. அந்த ஜன்னல் அதைப் பிடிச்சிட்டிருக்கு. அது விடற வரைக்கும் இருக்கும். அதனாலதான் இடம் காலியாகல. உள்ளே இருக்கறதையெல்லாம் ஃப்ளாப்பியில காப்பி பண்ணிடுங்க. ஜன்னலை மூடினா போச்சு. கரண்ட் போனாலும் போச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போனை வைத்தேன். சுவரில் மணி பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தைந்து. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்குக் கபீர் பாய் மெயினை இறக்கிவிடுவார்.

மெயின் சாவி

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு காலத்தில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில், எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், பசை வைக்கும் அறையில் தீப்பிடித்தது. அந்தப் பசைக்கு ஒரு பொறி போதும். அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு சட்டம் வந்தது. பெல் அடித்ததும் மெயின் இறங்க வேண்டும், போர்டைப் பூட்டிச் சாவியைக் கபீர் பாய் வைத்துக்கொள்ள வேண்டும். மெயின் மேலே இருந்தால் சாவிக்காரர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். முதலாளியே கேட்டாலும் இதில் மாற்றம் கிடையாது.

கபீர் பாய் எங்கள் எலெக்ட்ரீஷியன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவர் நடை மாறாது. வெள்ளிக்கிழமை மட்டும் பதினொன்றரைக்கே குளித்து, லாக்கரில் வைத்திருக்கும் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு தயாராகிவிடுவார். அம்மை போட்டிருந்த ஒரு வாரத்தைத் தவிர, விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜும்மாவைத் தவறவிட்டதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மெஷினுக்கு ஒரு யு.பி.எஸ். இருந்தது. நல்ல நாளிலேயே பத்து நிமிஷம்தான் தாங்கும். நான் ஓடியபோது பெல் அடித்துவிட்டது. அவர் கை கைப்பிடிமேல் இருந்தது.

"பாய், இறக்காதீங்க."

"இன்னாக்கா, மணி அடிச்சிட்டாங்களே."

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக் காலுங்க மொத்தத்தையும் அழிச்சிட்டேன். இப்ப கரண்ட் இருக்கற வரைக்கும்தான் அதுங்க இருக்கும். நின்னுச்சுன்னா திரும்ப வராது."

மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஏனோ அந்த நேரத்தில் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி ஆயிடும் பாய்."

"ரெண்டு மணின்னா ஜும்மா போச்சு."

"சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"உள்ள மெஷினப் பாப்பீங்களா, இங்க போர்டப் பாப்பீங்களா? ஒரு பொறி வந்தா எந்தக் கைப்பிடிய இழுப்பீங்க?"

போர்டைப் பார்த்தேன். ஏழெட்டுக் கைப்பிடிகள் இருந்தன. எது எதற்கென்று தெரியவில்லை.

"அந்தக் காலுங்கள மறுபடி எழுத முடியாதா?"

"எழுதலாம். எல்லாரையும் திரும்ப வரவெக்கணும். வீட்டுல, ஊர்ல சொல்லாம வர்றவங்க நெறைய பேரு. ஒரு வாட்டி வர்றதே அவங்களுக்குப் பேஜாரு. அடுத்த மாசம் செருப்பு குடுக்கணும். தள்ளிப்போனா பழசப் போட்டுப் புண்ணாயிடும் பாய்."

கேட் வழியாகக் கடைசிக் கும்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் காட்டி, நீங்கள் போங்கள் என்றார். ஓரத்தில் கிடந்த காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போங்கக்கா. நின்னு பேசினா டைம் ஜாஸ்தி ஆவும்."

ஒன்றன்பின் ஒன்றாக

டிராயரில் ஒரு டப்பா ஃப்ளாப்பி இருந்தது. பாதி பூஞ்சை பிடித்தது. ஒவ்வொன்றையும் ஃபார்மட் செய்து, எட்டுப் பத்துப் பாதங்களை ஏற்றி, திறந்து பார்த்து, அடுத்ததைப் போட வேண்டும். யூனிக்ஸ் டிஸ்கில் வேறு எதையாவது அழித்து இடம் பண்ணிக்கொண்டிருக்கலாம்தான். அன்றைக்கு எதையும் அழிக்க என் கை வரவில்லை.

எல்லோரும் போன பிறகு அந்த ஹால் எனக்குப் புதிதாக இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் கேட் பக்கத்து ஷெட்டில் மற்றப் பெண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஊசியைத் தூக்கிக்கொண்டு நின்றன. கூரையின் கண்ணாடித் தகடு வழியாக வெயில் இறங்கி, அதில் தோல் தூசி மெதுவாக மிதந்தது. ஊரின் பள்ளிவாசல்களிலிருந்து பேச்சு கேட்டது. ஒன்று முடிக்கும் வார்த்தையை இன்னொன்று ஆரம்பித்தது. உருது எனக்கு அரைகுறைதான். அர்த்தம் புரியாமல் கேட்கும்போது அது இன்னும் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

திரையில் பாதங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒன்றில் சுண்டுவிரல் இல்லை. ஒன்றில் குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாம் நான் தொட்டு வரைந்தவை. காப்பி ஆகும்போது அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு வாசலைத் தாண்டிப் போகிறார்கள் என்று தோன்றியது. பசியும் பயமும் சேர்ந்தால் இப்படியெல்லாம் தோன்றும்.

ஒரு ஃப்ளாப்பி மக்கர் செய்தது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று கேட்டது. மறுபடி, மறுபடி என்று அடித்துக்கொண்டே இருந்தேன். அப்போது லைட் மங்கியது. ஃபேன் சுழற்சி தளர்ந்து நின்றது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

"பாய்!"

"ஊர்க் கரண்டுதான்க்கா. ஒரு ஃபேஸ் போய்ட்ச்சு. மாத்தறேன், இருங்க."

ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி மாற்றுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலின் மினுக்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆண்டவரே, ஆண்டவரே' என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. லைட் வந்தது. கத்தல் நின்றது. சாவி என்னிடம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து எடுத்த புதுப் பருத்தித் துணியைப் போர்டுக்குப் பக்கத்தில் விரித்து, கபீர் பாய் தனியாகத் தொழுதுகொண்டிருந்தார். ஜும்மாவைக் கூட்டத்தோடுதான் தொழ வேண்டும். தவறிவிட்டால் சாதாரண மதியத் தொழுகைதான். சாவி துணியின் ஓரத்தில் இருந்தது.  பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டது போலத் திரும்பிக்கொண்டேன்.

"இது யாரு?"

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் எண்பத்தாறும் வந்துவிட்டன. இரண்டு முறை எண்ணினேன். கபீர் பாய் வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பாய். ஒண்ணுகூட விட்டுப்போகல."

"ஒண்ணு காட்டுங்க, பாப்போம்."

கறுப்பு ஜன்னலில் ஒரு பாதத்தைத் திறந்தேன். முன்பக்கம் விரல்களே இல்லாமல் உருண்டிருந்த பாதம். அவர் கிட்டே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"நாப்பத்தி ஒண்ணு."

"நம்பரு இல்லக்கா. ஆளு யாரு?"

"தெரியாது பாய்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது."

"தொழுதுட்டு துவா கேக்கலாம்னு பாத்தேன். யாருக்குன்னு கேக்கறதுன்னு தெரியல. நாப்பத்தி ஒண்ணுக்குன்னா கேக்க முடியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்ள நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டார். பிறகு வேலை ஆட்கள் வரும் சத்தம் கேட்டு வெளியே போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபைலை அழித்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. இரண்டு வருஷமாக இவர்கள் பாதத்தை ஓரம் ஓரமாகத் தொட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் தேயும், எங்கே அழுத்தும் என்று சொல்வேன். ஒருவர் பெயர்கூடத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஒரு மனுஷர், முகம் தெரியாதவர்களுக்காக ஜும்மாவை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு நம்பர்தான் இருந்தது.

ஜன்னலை மூடினேன். டிஸ்கில் இடம் மளமளவென்று காலியானது. மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். ஃப்ளாப்பி தீர்ந்ததால் விட்டுப்போன கம்பெனி மாடல்களுக்கு அட்டைப் பேட்டர்ன் இருந்தது. அவற்றை மறுபடி ஏற்ற இரண்டு மாசம் முதுகு ஒடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிகொண்டாவில் இறங்காமல் வேலூர் வரைக்கும் போனேன். ரெஜினா சிஸ்டர் ரிஜிஸ்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பேரெல்லாம் வெளிய தர்றது இல்ல ஜெசி. இந்த நோய்னு தெரிஞ்சா இன்னைக்கும் வீட்டவிட்டுத் தொரத்தறாங்க. அதுக்குத்தான நம்பரு."

"துவா கேக்கறதுக்கு சிஸ்டர்," என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் பூட்டிய பீரோவை மறுபடி திறந்தார். 

"ஊரு வேணாம், அப்பா பேரு வேணாம். நம்பரு வரிசையா வெறும் பேரு மட்டும் சொல்றேன். எழுதிக்க."

முனியம்மா. சின்னப்பன். காதர் பீ. இன்னொரு முனியம்மா. ஆரோக்கியசாமி. நாற்பத்தொன்றின் பெயர் செல்வி. நான் ஒரு கிழவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயசு என்றார் சிஸ்டர்.

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கபீர் பாயிடம் கொடுத்தேன். ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். மடித்து லாக்கரில் ஜிப்பாப் பைக்குள் வைத்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பெல் அடித்ததும் மெயினை இறக்கிவிட்டுப் போனார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து ஏற்றினார். லைட் வந்தது, ஃபேன் சுற்றியது, தையல் மெஷின்கள் சத்தம் போட ஆரம்பித்தன. அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். தாள் கையில் இருந்தது, ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பிடித்திருந்தார்.

"முப்பத்தெட்டு பேருக்குதான்க்கா கேக்க முடிஞ்சுது. அதுக்குள்ள டூட்டி டைம் ஆயிட்ச்சு," என்றார். "செல்விக்கு அடுத்த வாரம்."